கெடு வைத்த பணம்

சீனாவின் செங்டூ நகரத்துக் கடைவீதியில் மெல்லிய பட்டு ஒரு சுருள் இருபதாயிரம் காசு. 991-ஆம் ஆண்டு வாக்கில், சிச்சுவான் பக்கம் அரசு வேலையாகப் போய்வந்த ஜாவ் ஆன்யி என்ற அதிகாரி இந்த விலையைச் சொல்லித்தான் அரண்மனையில் புலம்பினார். அந்தக் காசு இரும்பு. பத்தாயிரம் சின்ன இரும்புக் காசு 65 ஜின் எடை என்று சோங் அரசர் காலத்துக் குறிப்பு கணக்குச் சொல்கிறது. ஒரு ஜின் அறுநூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அப்படியானால் ஒரு சுருள் பட்டு வாங்கப் போகிறவர் எண்பது கிலோ இரும்பைச் சுமந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும். வாங்கிய பட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிடலாம்; கொடுக்கப்போகிற பணத்துக்குத்தான் வண்டி பிடிக்க வேண்டும்.

போன வாரம் பார்த்த ‘பறக்கும் காசு’ இந்தச் சுமையைக் கொஞ்சம் இறக்கி வைத்தது உண்மை. தாங் அரசர் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெற்கிலிருந்து தேயிலை கொண்டுவந்து தலைநகர் சாங்கானில் விற்றவர்கள், கைக்கு வந்த செப்புக் காசை அங்கிருந்த மாகாண அலுவலகங்களிலேயே கட்டிவிட்டுச் சீட்டோடு ஊர் திரும்பினார்கள். ஊரில் சீட்டைக் காட்டினால் காசு. 812-இல் அரசே அந்தத் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டது. ஆனால் அது உண்டியல்தான். ஓர் ஆள், ஒரு பயணம், அத்தோடு அதன் வேலை தீர்ந்தது. அந்தச் சீட்டை நீட்டி யாரும் சந்தையில் அரிசி வாங்கவில்லை. கை மாறிக் கை ஓடுகிற தாள் பிறந்தது மலைகளுக்கு நடுவே, இரும்பைச் சுமந்து அலுத்துப்போன இந்தச் சிச்சுவானில்தான்.

சிச்சுவானுக்கு மட்டும் ஏன் இரும்பு? 965-இல் சோங் படைகள் அங்கிருந்த பிற்கால ஷு அரசைப் பிடித்தன. இருந்த செப்புக் காசை அள்ளித் தலைநகருக்கு அனுப்பினார்கள். வெளியிலிருந்து செப்புக் காசு உள்ளே வரவும் தடை போட்டார்கள். வென்றவன் செம்பை எடுத்துக்கொண்டு தோற்றவனுக்கு இரும்பை விட்டுவைத்தான் என்றுதான் எனக்குப் படுகிறது. யிஜோவ் (செங்டூவுக்கு அப்போதைய பெயர்), சியோங், ஜியா, மெய் ஆகிய நான்கு இடங்களில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் சரத்துக்கு மேல் இரும்புக் காசு வார்த்தார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட காசுகளைக் கயிற்றில் கோத்தால் ஒரு சரம். பெயருக்கு ஒரு சரம் ஆயிரம் காசு.

993-இல் வாங் சியாவ்போ என்பவரின் தலைமையில் ஏழை உழவர்கள் கிளர்ந்தார்கள். அவர் போரில் இறக்க, மைத்துனர் லி ஷுன் அடுத்த ஆண்டே செங்டூவைப் பிடித்துவிட்டார். கிளர்ச்சியை அரசு ரத்தத்தில் அடக்கியது. ஆனால் உலைகள் அணைந்தது அணைந்ததுதான். காசு வார்ப்பது நின்றுபோனது. ஏற்கெனவே சுமக்க முடியாத காசு, இப்போது கிடைக்கவும் இல்லை. கடைக்காரர்கள் தாங்களாகவே சீட்டு எழுத ஆரம்பித்தார்கள். இரும்பை என்னிடம் போட்டுவிட்டுப் போ, இந்தத் தாளை வைத்துக்கொள், தாளைக் கொண்டுவருகிறவர் யாரானாலும் இரும்பைத் திருப்பித் தருகிறேன். இதன் பெயர் ஜியாவ்சி. யாரானாலும் என்ற அந்த ஒரு சொல்தான் உண்டியலைப் பணமாக்கியது.

எல்லாக் கடைக்காரர்களும் யோக்கியர்கள் இல்லையே. போலிச் சீட்டு, ஏமாற்று, வழக்கு என்று நீதிமன்றங்கள் நிறைந்ததாக அரச வரலாறே ஒப்புக்கொள்கிறது. இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்திய பெயர் வழக்கமாக ஜாங் யோங் என்ற ஆளுநருக்குப் போகும். கிளர்ச்சி அடங்கிய கையோடு செங்டூவுக்கு அனுப்பப்பட்டவர். இரண்டு முறை அங்கே ஆளுநர். கண்டிப்பானவர். அவர் இளம் அதிகாரியாக இருந்தபோது நடந்ததாகச் சீனர்கள் இன்றும் ஒரு கதை சொல்வார்கள். கஜானாவிலிருந்து வெளியே வந்த எழுத்தரின் தலைப்பாகை ஓரத்தில் ஒரே ஒரு காசு செருகியிருந்தது. கசையடி கொடுக்கச் சொன்னார் ஜாங் யோங். ஒரு காசுக்காக அடிக்கத்தான் முடியும், தலையை வெட்ட முடியுமா என்று எழுத்தர் எகிறினார். ஒரு நாளைக்கு ஒரு காசென்றால் ஆயிரம் நாளைக்கு ஆயிரம் காசு என்று தீர்ப்பெழுதி, தாமே கத்தியை எடுத்தார் ஜாங் யோங். கதை உண்மையோ இல்லையோ, தாள் பணத்தைக் காவல் காக்க இப்படிப்பட்ட ஆள்தான் தேவை என்று பின்வந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

ஏற்பாடு இதுதான். செங்டூவின் பெரும் பணக்காரக் குடும்பங்கள் பதினாறு. அவர்களுக்கு மட்டும் தாள் வெளியிட உரிமை. பதினாறு பேரும் ஒரே வகைத் தாளில், வீடும் மரமும் மனிதர்களும் வரைந்த ஒரே மாதிரிப் படத்தை அச்சடிப்பார்கள். அதன்மேல் அந்தந்தக் கடையின் கையொப்பம், வெளியார் கண்ணுக்குப் புலப்படாத ரகசியக் குறி, கறுப்பும் சிவப்பும் மாற்றி மாற்றி வைத்த முத்திரை. தொகையைக் கையால் நிரப்புவார்கள். ஒருவர் எவ்வளவு இரும்பு கட்டுகிறாரோ அவ்வளவு. தாளைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கும்போது சரத்துக்கு 30 காசு வட்டம் பிடித்துக்கொள்வார்கள். பதிலுக்கு அரசுக்கும் இந்தப் பதினாறு வீட்டார் கைங்கரியம் செய்தாக வேண்டும்: அரசுக் களஞ்சியத்தில் தானியம் அளக்க ஆள் அனுப்புவது, ஊர் அணைக்கட்டைப் பழுது பார்க்க ஆளும் சாமானும் கொடுப்பது.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு பதினாறு வீட்டாருக்கும் ஒரு விஷயம் பிடிபட்டது. கட்டிய இரும்பையெல்லாம் மக்கள் ஒரே நாளில் கேட்டு வருவதில்லை. அப்புறம் அது ஏன் அறையில் துருப்பிடித்துக் கிடக்க வேண்டும்? பட்டுக்கூடும் நெல்லும் கோதுமையும் விளைந்து வரும் பருவத்தில், கையில் ரொக்கம் தேவைப்படும் நேரம் பார்த்து, ஓரிரு சுற்று கூடுதலாகத் தாள் அடித்தார்கள். காசு வார்ப்பதைப் போலவே மளமளவென்று வேலை நடந்ததாம். அந்தத் தாளைக் கொடுத்துச் சரக்கு வாங்கிப் பதுக்கினார்கள். சத்திரம், வீடு, தோட்டம், நகை என்று சேர்த்தார்கள். ஒருநாள் வதந்தி கிளம்பும். கூட்டமாகச் சேர்ந்து காசு கேட்டு வருவார்கள். உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். தெருவில் சச்சரவு. அரசு ஆள் வந்து கூட்டத்தை விலக்கி ஒரு சமரசம் பண்ணிவைக்கும்போது, ஆயிரம் காசுத் தாளுக்கு எழுநூறோ எண்ணூறோ கைக்கு வரும். இதில் அடிபட்டவர்கள் ஏழைகள் என்று அக்காலக் குறிப்பே குறை சொல்கிறது. வங்கி வாசலில் கூட்டம் முண்டியடிக்கும் காட்சியை இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருப்பவர்களுக்கு இந்த ஆயிரம் வருடத்துப் பழைய தெரு ஒன்றே போதும்.

கோவ் ஜியான் என்ற ஆளுநர் வந்தார். தொல்லையே வேண்டாம் என்று வாங் சாங்யி உள்ளிட்ட பதினாறு வீட்டாரையும் கடையை மூடச் சொல்லி, அச்சுக்கட்டைகளை அழிக்கவும் ஏற்பாடு செய்துவிட்டார். தனியாரும் அடிக்கக் கூடாது, அரசும் அடிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அடுத்து வந்த ஷுயே தியான் கடைவீதியைப் பார்த்தார். வியாபாரம் படுத்துக் கிடந்தது. தாளுக்குப் பழகிய கை மறுபடி இரும்பைத் தூக்க மாட்டேன் என்கிறது. தனியார் அடித்தால் மோசடி, யாருமே அடிக்காவிட்டால் முடக்கம். ஆகவே அரசே அடிக்கட்டும் என்று அவர் எழுதினார். 1023-ஆம் ஆண்டின் இறுதியில் செங்டூவில் ஜியாவ்சி அலுவலகம் திறந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் முதல் தாள் வெளியே வந்தது. உலகத்தில் ஓர் அரசு தன் பெயரில் வெளியிட்ட முதல் தாள் பணம் அதுதான்.

ஷுயே தியானின் அலுவலகம் போட்ட விதிகளைத்தான் நான் இந்தத் தொடரிலேயே முக்கியமானவையாக நினைக்கிறேன். முதல் விதி, உச்ச வரம்பு. ஒரு தவணைக்கு 12,56,340 சரம், அதற்கு மேல் கிடையாது. இரண்டாவது, கையிருப்பு. தவணை ஒன்றுக்கு 3,60,000 சரம் இரும்புக் காசு பெட்டியில் இருந்தாக வேண்டும். அதாவது நூறு ரூபாய்த் தாளுக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது ரூபாய் அளவுக்கு நிஜக் காசு. பதினாறு வீட்டாரிடம் அடிபட்டுக் கற்ற பாடம்தான் இரண்டும். மூன்றாவது விதிதான் புதிது. தாளுக்குக் கெடு. மூன்று ஆண்டு என்று பெயர். தொடங்குகிற ஆண்டையும் முடிகிற ஆண்டையும் சேர்த்து எண்ணும் சீன வழக்கத்தால் உண்மையில் இரண்டு ஆண்டு. கெடு முடிந்தால் தாளைக் கொண்டுவந்து புதுத் தாள் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கும் தாள்-மை செலவென்று சரத்துக்கு 30 காசு. வராத தாள் செல்லாத தாள்.

நமக்கு இது விசித்திரமாக இருக்கலாம். காலாவதி ஆகிற பணம் என்ன பணம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கெடுதான் அரசின் மூக்கணாங்கயிறு. இரண்டாண்டுக்கு ஒரு முறை வெளியே போன தாள் முழுக்க வீடு திரும்பும். கள்ளத்தாள் பேரேட்டில் ஒட்டாமல் மாட்டிக்கொள்ளும். கிழிந்தது, நைந்தது கழியும். எல்லாவற்றுக்கும் மேலாக, தான் ஊருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதை அரசு தன் கண்ணால் பார்த்துத்தான் தீர வேண்டும். சோங் காலத்து ஜியாவ்சித் தாள் ஒன்றுகூட இன்று நம் கைக்கு வரவில்லை. இப்படித் திரும்பி வந்து அழிந்துகொண்டே இருந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கும்.

அலுவலகம் சின்னது இல்லை. 1078 வாக்கில் அங்கே வேலை செய்தவர்களின் பட்டியலைப் பிற்கால நூலொன்று தருகிறது: மேற்பார்வைப் பணியாளர் 10 பேர், எழுத்தர் 69, அச்சிடுவோர் 81, கட்டை செதுக்குவோர் 6, வார்ப்பவர் 2, எடுபிடி 12. நூற்றெண்பது பேர். காகிதமல்பெரி மரப்பட்டையில் செய்த தாள். வெளியில் யாரும் அதே தாளைச் செய்துவிடக் கூடாது என்று காகிதப் பட்டறையையே அரசு தன் கண்காணிப்பில் வைத்தது. 1107-இல் தாளுக்குச் சியான்யின் என்று பெயர் மாற்றியபோது ஆறு முத்திரைகள் வைத்திருந்தார்கள். நான்கு கறுப்பில், ஒன்று நீலத்தில், ஒன்று சிவப்பில். மூன்று நிறத்தில் அச்சு, 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்!

இந்த இடத்தில் நம் ஊர்ப்பக்கம் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிடலாம். செங்டூ அலுவலகம் சுறுசுறுப்பாக இயங்கிய அதே காலத்தில், 1077-இல், சோழ நாட்டுத் தூதுக்குழு ஒன்று சோங் தலைநகருக்குப் போனது.  அவர்கள் கொண்டுபோன காணிக்கைக்குப் பதிலாக, சோங் பேரரசர் 81,800 சரம் காசும் 52,000 லியாங் வெள்ளியும் கொடுத்தனுப்பியதாகச் சீன அரச வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. இங்கே குலோத்துங்கன் ஆண்ட காலம். சோங் அரசு 1080 வாக்கில் ஆண்டுக்கு ஐம்பது லட்சம் சரத்துக்கு மேல் காசு வார்த்தது. அதற்கு முன்னும் பின்னும் எந்தச் சீன அரசும் தொடாத அளவு. அப்படியும் உள்ளூரில் காசுப் பஞ்சம். கடல் வழியே செம்பு ஒழுகிக்கொண்டே இருந்தது. ஜப்பான், ஜாவா, நம் கரை என்று எல்லாத் திசையிலும். தஞ்சைப் பகுதியில் மண்ணைத் தோண்டும்போது குவியலாகச் சீனக் காசு கிடைத்ததற்கு இதுதான் பின்கதை. தடைச் சட்டங்கள் போட்டுப் பார்த்தார்கள். பட்டுக்கும் மிளகுக்கும் முன்னால் சட்டம் நிற்கவில்லை. செம்பு குறையக் குறையத் தாளின்மேல் பாரம் ஏறியது.

பாரத்தை முறிவுவரை கொண்டுபோனது சண்டை. வடமேற்கில் தாங்குத் மக்களின் மேற்கு சியா அரசு. 1040-களில் எல்லையில் நிற்கும் படைக்குத் தானியம் கொண்டுவந்து போட்ட வணிகர்களுக்குக் கூலியாகச் செங்டூத் தாளைக் கொடுத்தார்கள். இரண்டு தடவையாக 6,00,000 சரம். இதற்கென்று பெட்டியில் ஒரு காசுகூட ஒதுக்கவில்லை என்று செங்டூ ஆளுநராக இருந்த வென் யான்போ முறையிட்டார். யார் கேட்டார்கள்? 1072-இல் இன்னொரு தந்திரம். பழைய தவணைத் தாளைக் கெடு முடிந்ததும் மாற்றாமல், புதுத் தவணையையும் கூடவே ஓடவிட்டார்கள். விதிப்புத்தகத்தில் கெடு அப்படியே இருக்கிறது. ஊரில் ஓடும் தாள் மட்டும் இரு மடங்கு.

சாய் ஜிங் என்ற அமைச்சர் கையில் ஆட்சி வந்தபோது கணக்கே கைவிட்டுப் போனது. 1107-ஐ ஒட்டி, முதல் வெளியீட்டைப்போல் இருபது மடங்குக்கு மேல் தாள் ஓடியதாக அரச வரலாறு சொல்கிறது. கெடு வந்ததும் நான்கு பழைய தாளுக்கு ஒரு புதுத் தாள் என்று அறிவித்தார்கள். சேமித்து வைத்தவன் தலையில் விழுந்த துண்டு, முக்கால் பங்கு. சில ஆண்டுகளில் ஆயிரம் காசு என்று எழுதியிருந்த தாளுக்குப் பத்துப் பன்னிரண்டு காசு தருவதே பெரிதானது. ஆனால் இதற்குப் பிறகு நடந்ததைப் பலரும் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள். 1110-இல் சாய் ஜிங் விலகி ஜாங் ஷாங்யிங் வந்ததும், 5,00,000 சரம் கையிருப்பை ஏற்பாடு செய்து, பழைய வரம்புக்குத் திரும்பினார். தாள் மெல்ல எழுந்து உட்கார்ந்தது. குறை தாளிடம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1127-இல் வடக்கு முழுவதும் ஜுர்ச்சென் மக்களின் ஜின் அரசிடம் போனது. சோங் அரசகுலம் தெற்கே லின்ஆனில், இன்றைய ஹாங்ஜோவில், குடியேறியது. அங்கும் வணிகர்கள் ஏற்கெனவே சீட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1160-இல் நகர ஆளுநர் சியான் துவான்லி அதை அரசின் கைக்குக் கொண்டுவந்தார். ஹுய்சி என்று பெயர். பேரரசர் சியாவ்சோங் இந்தத் தாளைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்ட மனிதர். கஜானா வெள்ளியை எடுத்துத் தாள்களை வாங்கி எரிக்கச் செய்தார். 1168-இல் தவணைக்கு ஒரு கோடி சரம், மூன்று ஆண்டுக் கெடு என்று கட்டினார். ஹுய்சியை நினைத்துப் பத்து வருடமாகத் தூக்கம் போய்விட்டது என்று அவர் அமைச்சரிடம் அங்கலாய்த்தது எழுத்தில் இருக்கிறது. ரூபாய்க்காகத் தூக்கம் கெட்ட நிதியமைச்சர்கள் நமக்குத் தெரியும். தூக்கம் கெட்ட முதல் அரசர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

ஹுய்சி அச்சடித்த அச்சுத் தகடு ஒன்று பெய்ஜிங்கின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரம். மேலே ஒரு பக்கம் தொகை, மறுபக்கம் வரிசை எண், நடுவே மிரட்டல்: கள்ளத்தாள் செய்தவனுக்குத் தலை போகும், காட்டிக் கொடுத்தவருக்கு ஆயிரம் சரம் பரிசு, பணம் வேண்டாம் என்றால் சின்னதாக ஒரு படைப் பதவி. கூட்டாளியோ இடம் கொடுத்த வீட்டுக்காரரோ தாமே வந்து சொன்னால் மன்னிப்பும் உண்டு, அதே பரிசும் உண்டு. தொகையாக ஒரு சரம் என்று பொறித்திருப்பதோடு, குறைச் சரம் என்றும் சேர்த்திருக்கிறார்கள். ஆயிரம் என்று சொல்லி 770 காசு எண்ணிக் கொடுப்பதுதான் அரசே அங்கீகரித்த வழக்கம்.

மிரட்டல் பலித்ததா? ஜியாங் ஹுய்யின் வாக்குமூலத்தைப் படித்தால் தெரியும். நிங்போ பக்கத்துக்காரர், மரக்கட்டையில் எழுத்துச் செதுக்குகிற தொழிலாளி. 1177-இல் கள்ள ஹுய்சி செய்ததாகப் பிடிபட்டார். தலை போகவில்லை; தைஜோவ் நகரத்துக்குத் தண்டனைக் கைதியாக அனுப்பினார்கள். அங்கே தமக்குப் பதிலாக ஒரு கூலியாளைத் தண்டனை வேலைக்கு அனுப்பிவிட்டு, புத்தகக் கட்டை செதுக்கிப் பிழைத்தார். ஊர் ஆட்சியர் தாங் ஜோங்யோவ் பெரிய அறிஞர், நல்ல பதிப்பாளர். பழங்காலச் சீன அறிஞர் ஷுன்சியின் நூலைச் செதுக்க அவர் அமர்த்திய பதினெட்டுப் பேரில் ஜியாங் ஹுய்யும் ஒருவர். இன்னொரு கள்ளத்தாள் வழக்கில் அவரைப் பிடிக்க வெளியூர்க் காவலர்கள் வந்தபோது, ஆட்சியர் அவரைத் தம் வீட்டின் பின்கட்டில் ஒளித்துவைத்தார். மூன்றாம் நாள் வந்து, எனக்குக் கொஞ்சம் ஹுய்சி வேண்டும் என்றாராம். மாட்டிக்கொண்டால் நன்றாக இருக்காதே என்று இவர் தயங்க, சொன்னபடி செய்யாவிட்டால் சிறையிலேயே சாவாய், நீ தண்டனைக் கைதிதானே என்று மிரட்டல்.

சோறு கொண்டுவருகிற ஜின் பாட்டிதான் மறுநாள் படத்தையும் கொண்டுவந்தார். பேரிமரப் பலகை ஒன்று. பத்து நாளில் செதுக்கி முடித்தார். பாட்டி அதைப் பிரம்புப் பெட்டியில் வைத்து உள்வீட்டுக்கு எடுத்துப் போனார். டிசம்பர் வாக்கில் அதே பெட்டி திரும்பி வந்தது: இருநூறு தாள், மண்சிவப்பு, அவுரி நீலம், கறுப்பு மை. அச்சடித்துக் கொடுத்தார். மறுநாள் முத்திரை எழுத்தும் அதிகாரியின் கையொப்பமும் எழுதித் தயாராக வர, மூன்று சிவப்பு முத்திரை பதித்தார். இப்படி இருபது தடவை போல, நூறும் இருநூறுமாக, மொத்தம் 2,600 தாளுக்கு மேல். 1182 கோடையில் ஒருநாள் பாட்டி மூச்சிரைக்க ஓடிவந்தார். கிடங்குகளுக்கெல்லாம் பூட்டு முத்திரை வைத்துவிட்டார்கள், வெளியே ஓடிவிடு என்று. ஜியாங் ஹுய் ஏணி வைத்துப் பின்சுவரேறிக் குதித்தார். தோட்ட மண்டபத்தருகே படைவீரர்கள் பிடித்துவிட்டார்கள்.

கிடங்குகளுக்கு முத்திரை வைத்த அதிகாரி வேறு யாருமில்லை, பின்னாளில் கிழக்காசியா முழுக்கப் பாடமாகிவிட்ட தத்துவ அறிஞர் ஜு ஷி. வாக்குமூலத்தைத் தம் புகார் மனுவில் அப்படியே சேர்த்து அவர் தலைநகருக்கு அனுப்பினார். இருவருக்கும் ஏற்கெனவே பகை. தலைமை அமைச்சர் வாங் ஹுவாய், ஆட்சியரின் உறவுக்காரர். ஆகவே பெரிய தண்டனை எதுவும் இல்லை. தாங் ஜோங்யோவுக்குக் கிடைக்கவிருந்த புதுப் பதவி போனது, அவ்வளவுதான். அந்தப் பதவியை ஜு ஷிக்கே கொடுக்க வந்தபோது அவர் மறுத்துவிட்டார். புகாரில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பகை என்று இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு ஜியாங் ஹுய் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. பிரம்புப் பெட்டியையும் பேரிமரப் பலகையையும் கற்பனையில் சேர்ப்பதற்கு யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. அவர் செதுக்கிய ஷுன்சியின் நூல், பக்க ஓரத்தில் செதுக்கியவர் பெயரோடு, நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சியாவ்சோங் கட்டிய வேலி அவரோடே போயிற்று. தவணைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கெடுவைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார்கள். வடக்கே மங்கோலியர் நெருக்க நெருக்க, அச்சுக்கட்டைக்கு ஓய்வில்லை. 1247-இல் தெற்கு சோங் அரசு ஒரு முடிவெடுத்தது: 17-ஆம், 18-ஆம் தவணைத் தாள்களுக்கு இனிக் கெடுவே கிடையாது, என்றைக்கும் செல்லும். செங்டூவில் போட்ட மூன்றாவது விதி அன்றோடு செத்தது. என்றைக்கும் செல்லும் என்று சொன்ன தாள், 17 ஆண்டு கழித்துப் புதுத் தாள் ஒன்றுக்கு மூன்று என்று மாற்றப்பட்டது. ஒரு ஜோடி வைக்கோல் செருப்புக்கு இருநூறு தாள் போதவில்லை என்று அந்தக் காலத்தவர்கள் எழுதிவைத்தார்கள். 1276-இல் மங்கோலியர் ஹாங்ஜோவுக்குள் வந்தார்கள்.

வடக்கே ஜின் அரசு இதே பாதையில் ஓட்டமாக ஓடியது. ஜாங் யோங்கின் சிச்சுவான் முறையைப் பார்த்துத்தான் நாங்களும் தொடங்கினோம் என்று அவர்களின் அரச வரலாறே சொல்கிறது. 1154-இல் தொடக்கம், கெடு ஏழு ஆண்டு. 1189-இல் அந்தக் கெடுவை நீக்கிவிட்டார்கள். எழுத்து மங்கினால் மட்டும் மாற்றிக்கொள் என்றார்கள். வரி, மானியம், சம்பளம் எல்லாவற்றுக்கும் தாள். 1211-இல் செங்கிஸ்கானின் படைகள் எல்லையைத் தாண்டி வந்தபோது, படைவீரர்களுக்கு ஊக்கப்பரிசாக எண்பத்து நான்கு வண்டி நிறையத் தாள் போயிற்று. தோற்றுப்போனார்கள். அதன்பின் சில ஆண்டுக்கு ஒரு புதுத் தாள், புதுப் பெயர். ஒன்றைப் பட்டுத்துணியிலேகூட அச்சடித்துப் பார்த்தார்கள். கடைசித் தாள் 1233 குளிர்காலத்தில், முற்றுகையில் சிக்கிய சாய்ஜோவ் நகரத்துக்குள் அச்சானது. சில மாதத்தில் அரசே இல்லை.

1236-இல் மங்கோலியப் பேரரசர் ஒகதாயின் முன்னால் ஒரு யோசனை வைக்கப்பட்டது: நாமும் தாள் வெளியிடலாமே. அங்கே யேலூ சூச்சாய் இருந்தார். கித்தான் அரசகுலத்துக்காரர், ஜின் அரசில் வேலை பார்த்தவர், அந்த அரசு மூழ்கியதைக் கண்ணால் கண்டவர். ஜின் அதிகாரிகள் தாளை வெளியே தள்ளுவதை லாபமாகவும், திரும்ப வாங்குவதைத் தீட்டாகவும் நினைத்தார்கள், அதனால்தான் பத்தாயிரம் சரத் தாளுக்கு ஒரு ரொட்டி வாங்கும் நிலை வந்தது என்று அவர் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லை; 10,000 டிங்குக்கு (டிங் என்பது வெள்ளிக் கட்டி அளவு) மேல் போகாதீர்கள் என்றார். ஒகதாய் ஏற்றுக்கொண்டார். அவருடைய அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவருக்கு அப்போது இருபத்தொரு வயது. 1260-இல் அவர் பேரரசராகி, வெள்ளியைப் பின்னால் நிறுத்தித் தம் ஆட்சிப் பரப்பு முழுமைக்கும் ஒரே தாளைக் கொண்டுவந்தார். மார்கோ போலோ வாய்பிளந்து பார்த்த தாள் அதுதான். குப்லாயின் அந்தத் தாளில் கெடு எதுவும் இல்லை.

(தொடரும்)